ஒரு பாய் அகலத்துக்கு

ணங் என்கிறது. நல்லது. இன்னொரு ணங். அதுவும் நல்லது. ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறேன். கழுத்து கெஞ்சுகிறது, ஆனாலும் பார்வையை இறக்க மனமில்லை, நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் கூரை ஒழுங்காகச் சத்தம் கொடுக்கிறது என்பதுபோல, வாத்தியார் பக்கத்தில் நிற்கும்வரை வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல. ஏணியின் மேல்படியில் நிற்பது இன்ஜினியர் இசக்கியம்மாள். என் மகள் டெல்பின் விசாரித்துப் பிடித்தவள். காதில் பென்சில், ஒரு கையில் சின்னச் சுத்தியல், மறு கையில் சாக்பீஸ். ஒரு சாண் தள்ளி ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு, அப்புறம் அடுத்த சாண். "ணங்குனு கேட்டா உள்ள கம்பியும் கான்கிரீட்டும் ஒண்ணையொண்ணு புடிச்சிருக்குனு அர்த்தம் அங்கிள். பொத்துனு கேட்டா விட்டுப்போச்சு. தேங்கா வாங்குற மாதிரிதான்." எனக்குத் தேங்காய் வாங்கவும் தெரியாது. அதெல்லாம் சலேத். என் மனைவி தட்டிப் பார்த்து எடுத்த தேங்காய் ஒன்றுகூட அழுகியதில்லை, என்னையும் சேர்த்து என்று அவளே சொல்லுவாள். அவள் போய் நாலு வருஷம். டெல்பின் வாசல் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஓசூரிலிருந்து நேற்று வந்து இறங்கினாள். ஹால் மூலையில் காரை பெயர்ந்து விழுந்தது என்று போனில் நான் வாய்தவறிச் சொன்னதுதான் காரணம். "ஒரு மூல இப்படின்னா கூரை முழுக்க இப்படித்தான் இருக்கும்ப்பா. இனிமே உங்கள இந்த வீட்ல தனியா விடமாட்டேன்." நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "தெரிஞ்சவங்க தட்டிப் பாத்துச் சொல்லட்டும்" என்றேன். ஒப்பந்தம் ஆயிற்று. கூரை போய்விட்டது என்று இசக்கியம்மாள் சொன்னால் வீட்டைக் கொடுத்துவிட்டு நான் ஓசூருக்குப் போக வேண்டும். நிற்கும் என்றால் இங்கேயே இருக்கலாம். இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம், மாற்றிப் பேச முடியாது. ஓசூரில் எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே பூங்கா, ஏறி இறங்க லிப்ட், மருமகனோ தங்கமான பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் நாள் முழுக்க என்ன செய்வது? அங்கே பிஸ்கட் நமுப்பதில்லை. தட்டில் திறந்துபோட்டு மறந்தாலும் மறுநாள் மொறுமொறுவென்று இருக்கிறது. எனக்கு அது என்னவோபோல் இருந்தது, காற்றுக்குக் கையில்லாததுபோல. தூத்துக்குடியில் காற்று எதையும் சும்மா விடாது. பிஸ்கட் நமுக்கும், தாழ்ப்பாள் பச்சை பூக்கும், புதுச் சைக்கிள் ஒரே மழைக்காலத்தில் கிழமாகும். ணங். ஆகா. அது நடு ஹால். நடு ஹால் பிழைத்தது.

காரை விழுந்த அன்று நான் பிழைத்ததும் உப்பால்தான். காலமெல்லாம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவன், கருவாட்டுக் குழம்புக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். சலேத் இருந்திருந்தால் "ஊருக்கெல்லாம் உப்பு வெளயவைக்கிற மனுசன்" என்று ஆரம்பித்து இரவுவரை இழுத்திருப்பாள். சாடியை எடுக்க அடுக்களைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மூட்டையை இறக்கியதுபோல் ஒரு சத்தம். திரும்பி வந்தால் தட்டு இரண்டாக மடங்கிக் கிடக்கிறது, குழம்பு சுவரில் ஏறியிருக்கிறது, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் முறத்தளவு காரை உட்கார்ந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தேன். மூலையில் மூன்று கம்பிகள் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்து இளித்துக்கொண்டிருந்தன. பயம் அப்போது வரவில்லை. தட்டைக் கழுவும்போது வந்தது. இரும்பு துருப்பிடித்தால் இளைத்துப்போகும் என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் நூலகத்தில் தேடி வாசித்தேன். இல்லையாம், பருக்குமாம். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்குமாம். கான்கிரீட்டுக்குள் இடத்துக்கு எங்கே போவது? பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவில் ஒரு பருத்த மனிதர் வந்து அமர்ந்தால் ஓரத்து ஆள் மெல்லக் கீழே போவதில்லையா, அப்படிக் கம்பி உள்ளே பருக்கப் பருக்க, ஓரத்தில் இருக்கிற காரை தெறித்துக் கீழே வருகிறது. சும்மா விட்டால் கம்பி நல்ல பிள்ளைதான். சிமெண்டின் காரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்தி வைத்திருக்கும். அந்தத் தோலைக் கிழிப்பது உப்பு. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நூலகர் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சோறு போட்ட உப்பு, கடைசியில் வீட்டுக்குள் வந்து கம்பியைத் தின்கிறது. ஆனால் உப்பு எப்படி உள்ளே போயிற்று? காற்று வழியாக என்றால் வீடு முழுவதற்கும் ஒரே காற்றுதானே. அப்படியானால் டெல்பின் சொல்வது சரி, கூரை முழுக்கப் பழுத்துவிட்டது, வரிசையாக உதிரப்போகிறது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் யோசனை ஒரு பித்தளைக் குடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. கழுத்து ஒடுங்கிய, பக்கவாட்டில் ஒரு நசுங்கல் விழுந்த குடம். யாருடையது, எதற்காக வருகிறது என்று பிடிபடவில்லை. பிடிக்கப் போனால் நழுவுகிறது. "அங்கிள், ஏணிய அடுக்களைக்கு மாத்துவமா?" மாத்துவோம் அம்மா.

அடுக்களையில் ஒரு பொத்துகூட இல்லை. புகை படிந்து கறுத்த கூரை, சுத்தியல் படும் இடமெல்லாம் வெள்ளையாய்ப் புள்ளி விழுகிறது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ணங். "யாரு அங்கிள் தண்ணி ஊத்துனது? கான்கிரீட்டு நல்லாத் தண்ணி குடிச்சு வளந்திருக்கு" என்கிறாள் இசக்கியம்மாள், ஏதோ கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல. சலேத் ஊற்றினாள். தளம் போட்ட மறுநாள் மேலே மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கச் சொன்னார் சிவனணைந்த கொத்தனார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கரிப்பு. "பச்சப்புள்ளய உப்புத்தண்ணியிலயா குளிப்பாட்டுவாக?" என்றாள் சலேத். தெருக்குழாயில் வருகிற நல்ல தண்ணீர் முழுக்கக் கூரைக்குப் போயிற்று. கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு. கூரை நல்ல தண்ணீரில் குளித்தது, நாங்கள் உப்புத்தண்ணீரில் குளித்தோம். என் தலைமுடி தும்பாய் நின்றது, அளத்தில் எல்லாரும் கேட்டார்கள், வீடு கட்டுறீரா இல்ல சாமியாராப் போறீரா என்று. சாயங்காலமானால் ஏணியில் அவள் கீழே நான் மேலே. வாளி கைமாறும்போது என் விரலைச் சேர்த்துப் பிடிப்பாள், தெரியாமல் பிடித்த மாதிரி. நானும் தெரியாத மாதிரி இருப்பேன். அவள் தண்ணீர் ஊற்றிய கூரை எப்படிப் போகும்? போகாது. இப்படி நினைத்துக்கொண்டதும் உடனே பயம் வந்தது, ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட்டேனோ என்று. மூலையும் அவள் தண்ணீர் ஊற்றியதுதானே? அது மட்டும் ஏன் விழுந்தது? குடம் மறுபடி வந்து நிற்கிறது. நசுங்கிய பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறது.

படுக்கையறைக்கு ஏணியைத் தூக்கிப்போகும்போது டெல்பினும் எழுந்து வந்தாள், வாசலில் சாய்ந்து நின்றாள். இந்தக் கூரையைத்தான் சலேத் கடைசியாக அதிகம் பார்த்தது. படுத்தபடியே கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள், மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, மாதா கோயிலில் திவ்ய நற்கருணை ஆசீருக்கு யார் என்ன சேலை கட்டி வந்தது. நான் ம் கொட்டுவேன். இப்போதும் ராத்திரி படுத்தால் கூரையைப் பார்த்து ஒரு ம் போட்டுவிட்டுத்தான் திரும்பிப் படுக்கிறேன். இதை டெல்பினிடம் சொல்ல முடியுமா? ஓசூர்க் கூரையைப் பார்த்து ம் சொன்னால் அது என்னவென்று எடுத்துக்கொள்ளும்? ணங். ணங். சுவரோரம் முழுக்க ணங். கட்டில் பக்கம் ணங். பொத். சுத்தியல் நின்றது. மறுபடி தட்டினாள். பொத். நடு அறை. என் காதுக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்திருந்த கை வியர்த்துவிட்டது, அல்லது ஏணி வியர்த்தது. டெல்பின் என்னைப் பார்க்கிறாள், ஜெயித்த முகமாக இல்லை, பாவம், அவளுக்கும் அழுகை வருகிற முகம்தான். போயிற்று. சாமான் கட்ட வேண்டும். சலேத்தின் தையல் மிஷின் லிப்டில் ஏறுமா? மொட்டை மாடிச் செடிகளை யாரிடம் கொடுப்பது? மாடியில் நின்றால் தூரத்தில் வெள்ளைவெள்ளையாய் உப்பு அம்பாரம் தெரியும், துறைமுகத்து விளக்குத் தெரியும். பூங்காவில் என்ன தெரியும், நடக்கிறவர்கள் தெரிவார்கள், சுற்றிச் சுற்றி நடக்கிறவர்கள், நானும் நாளைக்கு அவர்களோடு. "ஒரு நிமிசம் இருங்க" என்றாள் இசக்கியம்மாள். உளியை வைத்து மெல்லக் கொத்தினாள். பூச்சு உதிர்ந்தது. உள்ளே கான்கிரீட் தெரியவில்லை, வட்டமாக ஒரு தகரமூடி தெரிந்தது. நெம்பினாள். மூடி விழுந்தது, அதற்குப் பின்னாலேயே கறுத்த ஒரு துணிப்பந்து வந்து அவள் தோளில் இடித்துத் தரையில் விழுந்தது. "ஐயோ! என்ன அங்கிள் இது, எலியா?" டெல்பின் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து உதறினாள். பனியன். கைகளுக்குக் கீழே ஓட்டை, முதுகில் ஒரு ஓட்டை. என் பனியன்! ஒரு நொடியில் எல்லாம் வந்துவிட்டது. முதலில் மின்விசிறி நடு அறையில்தான் இருந்தது. காத்து முழுக்க உங்களுக்கே வருது என்று சலேத் சண்டை போட்டு, விசிறியைத் தன் பக்கத்துக்கு மாற்றவைத்தாள். பழைய விசிறிக் குழியை அடைத்துப் பூசும்போது எலக்ட்ரீசியன் கீழே குனிந்து, அடைக்க ஏதாவது துணி இருக்காக்கா என்று கேட்டிருப்பான். கேட்டிருப்பான்! அந்தப் பனியனை நான் எங்கெல்லாம் தேடினேன். பீரோவுக்குப் பின்னால், மொட்டை மாடியில், அடுத்த வீட்டுக் கொடியில்கூட எட்டிப் பார்த்தேன். மெத்தென்ற பனியன், அதுபோல் இன்னொன்று அமையவே இல்லை. "நான் கண்டனா ஒங்க பனியன? காத்துல போயிருக்கும்" என்றாள் முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல். காலமெல்லாம் அதற்குக் கீழேயே படுத்திருந்திருக்கிறேன். அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு நாளாவது சொன்னாளா? "அம்மா சரியான ஆளுப்பா" என்று டெல்பின் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஓசூரிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு. இசக்கியம்மாள் குழியைச் சுற்றி வட்டமாகத் தட்டிக்கொண்டு போனாள். ணங், ணங், ணங், ணங். கோயில் திருவிழா மாதிரி இருந்தது.

திரும்ப ஹாலுக்கு வந்தோம். விழுந்த மூலையைக் கடைசிக்கு என்று வைத்திருந்தாள். இங்கே பொத் என்று தெரிந்ததுதான், எங்கே பொத் முடிகிறது என்பதுதான் கேள்வி. நடுவிலிருந்து மூலையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே வந்தாள். ணங், ணங், பொத். அங்கே சாக்பீசால் ஒரு கோடு. பக்கத்தில் ணங், பொத், இன்னொரு கோடு. துருவுக்கு அவசரமில்லை, அவளுக்கும் இல்லை. எனக்குத்தான் மூச்சு ஒவ்வொரு சாணிலும் நின்று நின்று போயிற்று. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கூரையில் நீளவாக்கில் ஒரு கட்டம். அவள் இறங்கி வந்து, கையிலிருந்த வெள்ளையைத் தட்டிவிட்டு, டெல்பினையும் என்னையும் பார்த்தாள். யாரிடம் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தவள் கூரையிடமே சொன்னாள். "மத்த எடமெல்லாம் கல்லு. எங்க வீட்டுக் கூரைகூட இப்படி இல்ல. இது மட்டும்தான் போயிருக்கு. ஒரு பாய் அகலத்துக்கு. கீழ முட்டுக் கொடுத்துட்டு இத ஒடச்சு எடுத்து, துருப்புடிச்ச கம்பிய வெட்டிப் புதுக்கம்பி கட்டிக் கான்கிரீட்டு போட்டுரலாம். வீடு நிக்கும் அக்கா. ஆனா ஒண்ணு புரியல. அதே சிமெண்டு, அதே கம்பி, ஒரே நாள்ல போட்ட தளம். இங்க மட்டும் ஏன்?" வீடு நிக்கும் என்றது காதில் விழுந்தது, ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை, அதற்கு முந்தைய சொல்லில் போய் ஒட்டிக்கொண்டது. பாய். அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே ஒரு பாய் கிடந்தது, வருஷக்கணக்காகக் கிடந்தது. பாயில் என் மாமனார் கஸ்பார் மச்சாது. கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல்; தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம், அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டிலும். மத்தியானச் சோறு ஆனதும் அந்த மூலைக்குப் போய்ப் பாயைத் தட்டிப் போடுவார், குறட்டை தோணி இன்ஜின் மாதிரி கேட்கும். பாய் வந்ததும், அதைப் பிடித்துக்கொண்டு குடமும் வந்துவிட்டது, நசுங்கிய பக்கத்தோடு, அவர் தோளில். தளம் போட்ட காலை. கலவை மிஷின் சுற்றுகிறது, முதல் கலவையை ஈசான மூலையில், இதே மூலையில்தான் கொட்ட வேண்டும் என்று சிவனணைந்த கொத்தனார் மேலே நிற்கிறார், தேங்காய் உடைத்தாயிற்று, நாங்கள் ஜெபமும் சொல்லியாயிற்று. தெருமுனையிலிருந்து மாமனார் வருகிறார், இடுப்புவரை நனைந்த வேட்டி, தோளில் குடம், மூச்சு வாங்குகிறது. நேரே மிஷினிடம் போனார். "எங்க குடும்பத்துல புதுத்தோணிய எறக்குமுன்ன உள்ள ஒரு குடம் கடத்தண்ணி ஊத்துவோம். கடலுக்குப் பழக்கம் பண்ணணும்லா. இல்லன்னா மொதப் பயணத்துலயே ரெண்டுபேருக்கும் சண்டை வரும்." கொத்தனார் மேலிருந்து கத்துகிறார்: "ஐயா, கம்பிக்கு ஆவாது ஐயா, உப்புத்தண்ணி!" "ஏ, ஒரு குடத்துலயா கெட்டுப்போவும்? கடல்ல எத்தன குடம் கெடக்கு, கடல் கெட்டா போச்சு?" சலேத் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், "இது வீடுப்பா, தோணியில்ல!" அதற்குள் குடம் கவிழ்ந்துவிட்டது, கடைசிச் சொட்டுவரை. மிஷின் ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு மிஷின் கலவை எவ்வளவு இடத்துக்கு வரும்? அண்ணாந்து சாக்பீஸ் கட்டத்தைப் பார்க்கிறேன். இவ்வளவுதான் வரும்.

நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் முன்னால் நின்று, குரலையெல்லாம் மாற்றி, குடத்தைக் கவிழ்ப்பதுபோல் கையைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னேன். இவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் பேசி டெல்பின் பார்த்ததில்லை. இசக்கியம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கடலுக்குப் பழக்கம் பண்ணாராமா!" டெல்பின் கூரையைப் பார்த்தாள், கீழே தரையைப் பார்த்தாள், பிறகு மறுபடி கூரை. "அப்பா, தாத்தா அவ்வளவு காலமும் இந்த எடத்துலதான படுத்துக் கெடந்தாரு! அவரு ஊத்துனதுக்கு நேர் கீழயே!" ஆமாம். அவர் படுத்திருந்தவரை ஒரு மணல்கூட விழவில்லை. எழுந்து போன பிறகுதான் விழுந்தது, அதுவும் மருமகன் தட்டில். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது, தேடிப் பார்க்கிறேன், வரக் காணோம். ஊரே காற்றைக் குறை சொல்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் உப்பு தோளில் ஏறி, வாசல் வழியாக, மரியாதையாக வந்திருக்கிறது. மீதிக் கூரையெல்லாம் சலேத்தின் நல்ல தண்ணீர். அப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் ஊற்றியிருக்கிறார்கள். டெல்பின் ஓசூருக்குப் போன் போட்டாள். "இல்லங்க, அப்பா வரல. கூரை நல்லா இருக்காம். ஒரு மூலதான், தாத்தா பண்ணுன வேலை. அது பெரிய கத, வந்து சொல்லுதேன்." பேச்சில் ஊர் திரும்பி வந்திருந்தது. வைத்துவிட்டு என்னிடம் விரலை நீட்டினாள். "கான்கிரீட்டு போடுற அன்னைக்கு நான் இங்க இருப்பேன். வீட்ல இருக்குற எல்லாக் குடத்தையும் பீரோல வச்சுப் பூட்டிருவேன். நீங்களும் அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்தவருதான்." இசக்கியம்மாள் பையை மூடப் போனாள், ஞாபகம் வந்து நின்றாள். "பொடி கொஞ்சம் கொடுங்க அங்கிள், லேப்ல பாக்கச் சொல்லுதேன், உப்பு இருக்கா இல்லையானு தெரிஞ்சிரும்." மூலையில் பெருக்கிக் குவித்திருந்த காரையிலிருந்து ஒரு சில்லை எடுத்தேன். ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் துரு அப்பிய சிவப்பு, கம்பி படுத்திருந்த தடம் வாய்க்கால் மாதிரி. அளத்தில் பாத்தித் தண்ணீர் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க மானி வைத்திருந்தோம். ஆனால் அதைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைப்போம், மானி அதற்கப்புறம் சரி என்று சொல்ல மட்டும்தான். கை தானாகப் போயிற்று. "அப்பா! என்னத்த வாயில போட்டீங்க?" நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். சிமெண்டு. மண். கொஞ்சம் இரும்பு. வேறு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். மூடிய கண்ணுக்குள் தெருமுனையிலிருந்து ஈர வேட்டியோடு ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"கரிக்கு" என்றேன்.